அன்றைய எண்ணும் இன்றைய தீர்ப்பும்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கொரோனா தகவல் பலகை – ஒரு மதிப்புரை

கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் எந்த அரசு முந்திக்கொண்டது, எந்த அரசு கோட்டைவிட்டது என்ற வாதம் எங்கே தொடங்கினாலும், அது கறுப்புத் திரையில் சிவப்பு வட்டங்கள் அப்பிக்கிடந்த ஓர் உலக வரைபடத்தில்தான் வந்து நின்றது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கட்டணமின்றி நடத்திய அந்தத் தகவல் பலகை 2020 ஜனவரி 22 அன்று பொதுப் பார்வைக்கு வந்தது. 2023 மார்ச் 10 அன்று புதிய எண்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. நின்றுபோன ஒரு சேவைக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். பலகைதான் நின்றிருக்கிறது, அதிலிருந்து எடுத்த எண்களைக் காட்டி அரசுகளைப் புகழ்வதும் தூற்றுவதும் இன்றும் நடக்கின்றன. எந்தக் கேள்விக்கு அந்தப் பலகை நம்பத்தகுந்த பதிலைத் தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்று பார்ப்பதற்காக, அதன் பழைய கோப்புகளைத் தரவிறக்கி, 2020 ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உடன் வைத்து ஒப்பிட்டவை, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரசு நடவடிக்கைக் கண்காணிப்புப் பதிவேடும், பல நாடுகளின் தரவுகளை வரைபடங்களாகத் தரும் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளமும் ஆகும்.

பலகையை உருவாக்கியவர்கள் பொறியியல் பேராசிரியர் லாரன் கார்ட்னரும் அவருடைய ஆய்வு மாணவர் என்ஷெங் டாங்கும் ஆவர். வூஹானிலிருந்து வந்த செய்திகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த அவர்கள், ஏறத்தாழ ஒரே நாளில் முதல் வடிவத்தை அமைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் சீன மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் இணையதளத்தின் எண்களைப் பார்த்துக் கையால்தான் உள்ளிட்டார்கள். நாடுகளின் எண்ணிக்கை பெருகியபோதுதான் அந்த வேலை மெல்லத் தானியங்கி முறைக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு ஒரு முறை பிடிஎஃப் கோப்பாக நிலவர அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பலகை ஒரே நாளில் பலமுறை புதுப்பிக்கப்பட்டது என்பதும், தன் மொத்தத் தரவையும், நிரல்களையும் கோப்புகளையும் பகிர்வதற்கான கிட்ஹப் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருந்தது என்பதும் சிறிய விஷயங்கள் இல்லை. அரசுக்கு வெளியே இருந்த ஒருவர், அமைச்சரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிராமல், அவருடைய அரசு நேற்று அறிவித்ததையும் பக்கத்து நாடு இன்று அறிவித்ததையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்க முடிந்ததற்கு இந்தத் திறந்த தன்மையே காரணம். 2022-இல் கார்ட்னருக்கு லாஸ்கர்–புளூம்பெர்க் பொதுச்சேவை விருது வழங்கப்பட்டது பொருத்தமே. (புகழ் வந்தால் போலியும் வரும்: 2020 மார்ச்சில் இதே வரைபடத்தின் நகல்களைக் காட்டி, கணினிக்குள் தீநிரல்களை ஏற்றிய தளங்களும் உலவின.)

குறைகள் பலகையின் இடப்பக்கத்திலேயே தொடங்குகின்றன. அங்கே நாடுகளின் பெயர்கள், உறுதிசெய்யப்பட்ட தொற்றுகளின் மொத்த எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருந்தன. வேண்டுமென்று செய்யாவிட்டாலும், அந்தப் பட்டியல் விளையாட்டுப் போட்டியின் புள்ளிப் பட்டியலைப் போலவே படிக்கப்பட்டது. பல கோடிப் பேர் வாழும் நாடும் சில லட்சம் பேர் வாழும் நாடும் ஒரே அளவுகோலில் நின்றன. மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதம் முதல் வாரங்களில் முகப்பில் இல்லை. மொத்த எண்ணிக்கை கூடத்தான் முடியும், குறையவே முடியாது என்பதால், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த நாட்டின் வட்டமும் வரைபடத்தில் அதே பருமனோடு சிவந்தே கிடந்தது. குணமடைந்தோர் என்ற கட்டம் இதைவிடத் தொல்லையானது. பிரிட்டன் போன்ற சில நாடுகள் அந்தக் கணக்கை முறையாக வெளியிடவே இல்லை. ஆனாலும் இறந்தோரையும் குணமடைந்தோரையும் கூட்டி வகுத்து, நோயின் கொடுமையை விழுக்காட்டில் கணக்கிட்டுப் பரப்பியவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கட்டத்தைப் பல்கலைக்கழகம் 2021-இல் கைவிட்டது. முதல் மாதத்திலேயே கைவிட்டிருக்கலாம்.

வடிவமைப்புக் குறைகளைத் திருத்திக்கொள்ளலாம்; எண்களுக்குப் பின்னாலிருந்த வரையறைகளின் சிக்கல் அப்படிப்பட்டதன்று. 2020 பிப்ரவரி நடுவில் பலகையின் கோடு திடீரென்று செங்குத்தாக எழுகிறது. வூஹான் அடங்கிய சீனாவின் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய தொற்றுகளை அறிவித்ததன் விளைவு அது. அவற்றுள் 13,332 பேர், ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் மருத்துவரின் கணிப்பை வைத்துப் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள். நோய் அன்று பாய்ந்து பெருகவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. ஒரு வாரத்துக்குள் அந்த முறை மறுபடியும் மாற்றப்பட்டது. ஏப்ரல் 17 அன்று வூஹான் நகரம் தன் இறப்புக் கணக்கில் 1,290 பேரைக் கூட்டி 3,869 என்று திருத்தியபோதும் கோடு ஒரு படி எழுந்தது. பிரிட்டன் தொடக்கத்தில் மருத்துவமனை இறப்புகளை மட்டும் அறிவித்து, ஏப்ரல் 29 முதல் முதியோர் இல்லங்களிலும் பிற இடங்களிலும் நேர்ந்த இறப்புகளைச் சேர்த்தது. பிறகு ஆகஸ்டில், தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகளை மட்டுமே கணக்கில் கொள்வது என்று முடிவுசெய்ததும், மொத்த எண்ணிக்கை 46,706-இலிருந்து 41,329 ஆகச் சரிந்தது. பெல்ஜியமோ, முதியோர் இல்லங்களில் பரிசோதிக்கப்படாமலே இறந்து கொரோனாவாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு உள்ளானவர்களையும் கணக்கில் எழுதியது. அதன் பலன், மக்கள்தொகை விகிதப்படி இறப்புப் பட்டியலின் உச்சியில் பெல்ஜியம் போய் நின்றது. ஒளிக்காமல் எண்ணிய நாட்டுக்குக் கெட்ட பெயர், எண்ணாமல் விட்ட நாடுகளுக்கு நல்ல பெயர். பலகை இந்த வேறுபாடுகளைத் தன் தரவுக் குறிப்புகளில் ஓரளவுக்கு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வரைபடத்தைப் பார்த்து வாதாடியவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்புகள் வரை போயிருப்பார்கள்?

பரிசோதனையின் நிழலும் இப்படித்தான் எங்கும் படிந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மீதிருந்த வட்டம் மிகச் சிறியது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய முதல் பரிசோதனைக் கருவித்தொகுதிகள் பழுதாக இருந்ததும், யாரைப் பரிசோதிக்கலாம் என்ற விதி இறுக்கமாக இருந்ததும் அந்த வட்டத்தைச் சிறிதாக்கின. தென்கொரியாவின் வட்டம் அதே மாத இறுதியில் பெரிதாக வீங்கியது. 2015-இல் மெர்ஸ் என்ற சுவாச நோயால் 186 பேர் பாதிக்கப்பட்டு 38 பேர் இறந்த பாடத்திலிருந்து அந்நாடு பரிசோதனைக்கான சட்ட ஏற்பாடுகளை முன்பே செய்து வைத்திருந்ததால், தேடிய இடத்தில் தொற்று கிடைத்தது. பலகையை மட்டும் பார்த்தவருக்குத் தென்கொரியா தத்தளிக்கும் நாடாகவும், அமெரிக்கா பாதுகாப்பான நாடாகவும் தெரிந்திருக்கும். பிரிட்டன் மார்ச் 12 அன்று, லேசான அறிகுறி உள்ளவர்களைப் பரிசோதிப்பதை நிறுத்தியது. அந்த நாளுக்குப் பிறகான பிரிட்டனின் கோடு, முந்தைய பிரிட்டனின் கோட்டோடுகூட ஒப்பிடத் தக்கதன்று.

இவ்வளவு குறைகளையும் அடுக்கிய பிறகும் இந்தச் சேவையை நான் உயர்வாகவே மதிக்கிறேன். அதற்குக் காரணம், பலரும் திறந்து பார்க்காத ஒரு கோப்புறை. கிட்ஹப் தொகுப்பில் தரவு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, பின்னால் வந்த திருத்தங்களையெல்லாம் உள்வாங்கிக்கொண்ட காலத்தொடர் அட்டவணை. ஏறத்தாழ எல்லா வரைபடங்களும் எல்லா விவாதங்களும் இதிலிருந்தே எண்களை எடுத்தன. மற்றொன்று, 2020 ஜனவரி 22-இலிருந்து நாளுக்கு ஒன்றாக வைத்துவிட்டுப்போன தினசரி அறிக்கைக் கோப்புகள். ஓர் அரசு சரியாகச் செய்ததா, தவறியதா என்று கேட்பவர்கள் எடுத்துப் பார்க்கவேண்டியது இந்த இரண்டாவதைத்தான். ஏனென்றால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு அன்று தெரிந்திருந்தது என்ன என்பதை அந்தக் கோப்புகள்தாம் காட்டுகின்றன. திருத்தப்பட்ட அட்டவணை காட்டுவது, அவர்களுக்குப் பின்னால் நமக்குத் தெரியவந்ததை.

இத்தாலியை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 20-ஆம் தேதி நிலவரப்படி அந்நாட்டின் தொற்று எண்ணிக்கை 3. மறுநாள் 20, அதற்கு மறுநாள் 62, பிறகு 155. கோடோன்யோ உள்ளிட்ட வடபகுதி ஊர்கள் அடைக்கப்பட்டது அந்த நாட்களில்தான். மார்ச் 9 அன்று, எண்ணிக்கை 9,172-ஐயும் இறப்புகள் 463-ஐயும் எட்டியிருந்தபோது, நாடு முழுவதையும் முடக்குவதாக அறிவிப்பு வந்தது. மூன்றுக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில் பதினெட்டு நாட்கள். இந்தக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து படிக்கும்போது, இத்தாலிய அரசைக் குறைசொல்லுவது கடினமாகிறது. பிரிட்டிஷ் அரசைக் குறைசொல்லுவது எளிதாகிறது. தன் கண்ணெதிரில் இத்தாலியின் பதினெட்டு நாட்களும் விரிந்து கிடந்த பிறகு, மார்ச் 13 அன்று மக்களில் சுமார் 60 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெறுவதைப் பற்றி அதன் தலைமை அறிவியல் ஆலோசகர் பேசியதும், மார்ச் 16 அன்று தடுப்பு நடவடிக்கை எதுவும் இல்லாவிட்டால் அந்நாட்டில் 5,10,000 பேர் இறக்கக்கூடும் என்ற இம்பீரியல் கல்லூரியின் அறிக்கை வெளிவந்த பின்னும், வீட்டிலேயே இருங்கள் என்ற ஆணைக்கு மார்ச் 23 வரை காத்திருந்ததும் அந்தக் கோப்புகளின் வெளிச்சத்தில் தாமதமாகவே தெரிகின்றன. இது என் தீர்ப்பு. வேறொருவர் அதே கோப்புகளிலிருந்து வேறு தீர்ப்புக்கு வரலாம். ஆனால் இருவரும் ஒரே நாளின் அறியாமையிலிருந்து வாதாடுவோம்.

தினசரிக் கோப்புகளும் பழுதற்றவை இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டதற்கு மறுநாள், மார்ச் 12 அன்று, இத்தாலியின் வரிசையில் முந்தைய நாளின் 12,462 என்ற எண்ணே மறுபடியும் வந்திருந்தது. அந்த நாடு அறிவித்ததோ 15,113. உலகமே உற்றுப்பார்த்த நாளில் கோடு சமதளமாகப் போனது. பெயர்களிலும் இடறல் உண்டு. அதே மார்ச்சில் தைவானின் பெயர் ‘தைபேயும் சுற்றுப்புறங்களும்’ என்று மாற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் கோப்புகளில் அந்தத் தீவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி ஒட்டிக்கொண்டது. ஜப்பான் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு, 712 பேருக்குத் தொற்று கண்ட டயமண்ட் பிரின்சஸ் பயணிகள் கப்பலை ஜப்பானின் கணக்கில் எழுதுவதா வேண்டாமா என்பதே அரசுகளுக்கு இடையிலான பிரச்சினையாக இருந்ததால், அது முதலில் ‘மற்றவை’ என்ற பெயரிலும், பிறகு நாடுகளின் வரிசையில் தனி நாடு போலவும் நிற்கிறது. எண்களைத் தொகுப்பதிலும் அரசியல் உண்டு என்பதை இந்த ஒரு வரி காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பலகை நோயை எண்ணியது என்றால், ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளி 2020 மார்ச்சில் தொடங்கிய பதிவேடு அரசுகள் செய்ததை எண்ணியது. பள்ளிகளை மூடுதல், பணியிடங்களை மூடுதல், கூட்டங்களுக்குத் தடை, வீட்டிலிருக்கும்படி ஆணை, எல்லைக் கட்டுப்பாடு முதலான ஒன்பது அளவைகளைச் சேர்த்து, 0 முதல் 100 வரை ‘கடுமைக் குறியீடு’ ஒன்றை நாடுதோறும் நாள்தோறும் அது தந்தது. மாணவர்களும் தன்னார்வலர்களும் செய்திகளையும் அரசாணைகளையும் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஆதாரக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைப் படிப்பது குறியீட்டைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. இந்தக் குறியீடு ஓர் அரசின் நடவடிக்கை பொருத்தமானதா, பயன் தந்ததா என்பதற்கான மதிப்பெண் ஆகாது என்று அதைத் தயாரித்தவர்களே எழுதி வைத்திருந்தும், மதிப்பெண்ணாகவேதான் அது எங்கும் சுற்றியது.

இந்தியா 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணிநேர அவகாசத்தில், 21 நாள் பொதுமுடக்கத்தை அறிவித்தபோது குறியீடு 100-ஐத் தொட்டது. பலகையின் கணக்கில் அன்று இந்தியாவின் தொற்றுகள் 500-ஐச் சற்றே தாண்டியிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இத்தாலியைவிட எவ்வளவோ முன்கூட்டியே, எவ்வளவோ கடுமையாகச் செயல்பட்ட அரசு என்று எழுதியவர்கள் உண்டு. பரிசோதனை மிகக் குறைவாக நடந்திருந்த நேரத்தின் 500 அது என்பதைப் பலகை சொல்லவில்லை. வேலையும் கூலியும் போய், நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றி அந்த 100 எதுவும் சொல்லவில்லை. வருமான உதவியும் கடன் நிவாரணமும் பதிவேட்டில் தனி அளவைகளாக இருக்கின்றன, ஆனால் கடுமைக் குறியீட்டுக்குள் வருவதில்லை. ஆகவே கையில் பணம் கொடுத்து வீட்டிலிருக்கச் சொன்ன அரசும், வெறுங்கையோடு இருக்கச் சொன்ன அரசும் ஒரே உயரத்தில் நிற்க முடியும். நேர்மாறாக ஜப்பான், ஏப்ரல் 7 அன்று ஏழு மாகாணங்களுக்கு அறிவித்த நெருக்கடிநிலையில் வெளியே வருவோருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அரசின் வேண்டுகோளை மக்கள் பெருமளவில் பின்பற்றினாலும், குறியீட்டின் பார்வையில் அது வெறும் பரிந்துரைதான். ஆணை பிறந்ததை எண்ணும் கருவிக்கு ஆணை நடந்ததா என்பது தெரியாது.

சுவீடன் பற்றிய சண்டைக்கு இந்த மூன்று சேவைகளும் தீனி போட்டன, எதுவும் தீர்த்துவைக்கவில்லை. ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தே வைத்து, ஐம்பது பேருக்கு மேற்பட்ட கூட்டங்களை மட்டும் மார்ச் இறுதியில் தடைசெய்த அந்நாடு, 2020 கோடையில் மக்கள்தொகை விகிதப்படி நார்வேயைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான இறப்புகளைக் கண்டிருந்தது. அதே வேளையில் பிரிட்டன், ஸ்பெயின், பெல்ஜியம் ஆகியவற்றைவிடக் குறைவாகவும் இருந்தது. பக்கத்தில் எந்த நாட்டை நிறுத்துவது என்ற பெட்டியில் சொடுக்கிய அந்தக் கணத்திலேயே வாதத்தின் முடிவு தீர்மானமாகிவிடும். சுவீடன் இறப்புகளை அறிவித்த நாளின்படி இல்லாமல் இறந்த நாளின்படி வெளியிட்டு, தாமதமாக வந்த தகவல்களைப் பழைய நாட்களில் சேர்த்ததால், அந்நாட்டு அரசின் வரைபடத்தில் கடைசிப் பத்து நாட்கள் எப்போதும் சரிவைக் காட்டின. நோய் தணிகிறது என்று ஒவ்வொரு வாரமும் மகிழ்ந்தவர்கள் ஒவ்வொரு வாரமும் ஏமாந்தார்கள்.

‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மூன்றில் மிகவும் பொறுப்பான காட்சியமைப்பு அதனுடையது. எந்த நாடு பரிசோதனைகளை எண்ணுகிறது, எந்த நாடு பரிசோதிக்கப்பட்ட ஆட்களை எண்ணுகிறது என்பதை நாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளில் முரண்பாடுகளைக் கண்டதும், 2020 மார்ச்சில் ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையத்தின் தரவுக்கு மாறி, மாறியதற்கான காரணத்தையும் எழுதி வைத்தது. அதன் மடக்கை அளவுகோல் வரைபடங்கள் மட்டும் எனக்கு உவப்பில்லை. பரவலின் வேகத்தை ஒப்பிட அவை ஏற்றவை என்பது உண்மை. ஆனால் நூறு இறப்புக்கும் ஆயிரம் இறப்புக்கும் உள்ள இடைவெளியும், ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள இடைவெளியும் திரையில் ஒரே அளவாகத் தெரியும்போது, பழக்கமில்லாத கண்ணுக்குப் பத்தாயிரம் சாதாரணமாகிவிடுகிறது.

அரசுகளை இறப்புகளை வைத்தே எடைபோட வேண்டும் என்று கருதுபவர்களுக்கு இந்தப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கூடுதல் இறப்புக் கணக்குகளுக்குப் போவது நல்லது. வழக்கமாக இறக்கக்கூடியவர்களைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பார்க்கும் அந்த முறை, எந்த அரசு எதைக் கொரோனா என்று எழுதியது என்ற தகராறைத் தாண்டிவிடுகிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு அறிவிக்கப்பட்ட இறப்புகள் சுமார் 54 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கூடுதல் இறப்புகள் சுமார் 1 கோடியே 49 லட்சம். பலகையின் கடைசி நாள் கணக்கில் நிற்கும் 68,81,955 இறப்புகள் என்ற துல்லியமான எண், அந்த இடைவெளியின் முன்னால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நிற்கிறது. ஆனால் இந்த மதிப்பீடுகள் பின்னால் வந்தவை, 2020 மார்ச்சில் எந்த அமைச்சரின் மேசையிலும் இருந்தவை அல்ல. அன்று மேசையில் என்ன இருந்தது என்று கேட்பவருக்குத் தினசரிக் கோப்புகளுக்கு மாற்று இல்லை.

அவற்றைத் திறக்க விரும்புவோருக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று: மார்ச் 1 அன்றும் மார்ச் 22 அன்றும் கோப்புகளின் நெடுவரிசை அமைப்பு மாறுகிறது, சீனாவின் பெயரும் இடையில் மாறுகிறது. தொடர்ச்சியாகப் படிக்க நிரல் எழுதியவர் இந்த நாட்களில் தடுக்கி விழுவார். நிரல் ஏதும் இல்லாமல், சாதாரண விரிதாளில் பிப்ரவரி 20-ஆம் தேதிக் கோப்பிலிருந்து தொடங்கி, நாளைய கோப்பை இன்று திறப்பதில்லை என்ற கட்டுப்பாட்டோடு ஒவ்வொன்றாகப் படித்துப் போவதே போதுமானது. அந்த முதல் கோப்பில் இத்தாலியைத் தேடக் கொஞ்சம் கீழே உருட்ட வேண்டியிருக்கும். ‘மற்றவை’ என்ற கப்பல் அதற்கு வெகு மேலே நிற்கும்.